சோழன் கோட்டையும் தோட்டத்து லயமும்

ஏட்டில் இடம்பெறாத மக்களுக்கு மண்ணே ஏடு. மன்னன் தன் வெற்றியைக் கல்லில் வெட்டுவித்தான். வணிகன் கணக்கில் எழுதினான். தோட்டத்துத் துரை ஆண்டறிக்கையில் பதிந்தான். காடு வெட்டியவரும், தண்டவாளம் பதித்தவரும், நகரத்துச் சாக்கடையைக் கூட்டியவரும் எழுதி வைத்தது மிக அரிது. உடைந்த சட்டி, தேய்ந்த அம்மி, பெயரில்லாப் புதைகுழி ஆகியவையே அவர்கள் விட்டுச் சென்ற சாசனங்கள். ஆதலின் அவர்தம் வாழ்வை அறிய விரும்புவோர் மண்ணிடம் செல்லவேண்டியுளது. மண்ணைத் தோண்டிப் படிக்கவோ பொருள் வேண்டும். அப்பொருளைத் தருபவர் யார், எதைத் தேடுவதற்காகத் தருகின்றனர், தேடிக் கிடைத்ததைக் காப்பவர் யார் என்னும் வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு மலேசியத் தமிழருக்கு ஜொகூர் மாநிலத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் கிடைத்தல் அரிது.

ஜொகூரில் புதைபொருள் என்றதும் பலர் நினைவுக்கு வருவது கோத்தா கெலாங்கி. ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் நூல் இந்நகரைப் பற்றி ஒரு கதை கூறுகிறது. கீழைத் தேயங்களை வெல்லப் புறப்பட்ட ராஜா சூரான் என்னும் இந்திய வேந்தன் முதலில் கங்கா நகரத்தை அழித்தான். பின்னர் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல்லால் எழுந்து நின்ற கெலாங்கிக் கோட்டையை வளைத்து, அதன் அரசனான ராஜா சூலினைக் கொன்று, அவன் மகளை மணந்துகொண்டான். அப்பால் சீனத்தின் மேல் செல்லக் கருதித் தமாசெக் வரை வந்தவனைச் சீனத்தார் படைகொண்டு எதிர்க்கவில்லை. துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், பல்லுதிர்ந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினர். புறப்படும்போது கிழவர்கள் இளைஞராகவும், மரங்கள் வித்தாகவும், ஊசிகள் கைப்பருமன் உள்ள இரும்புப் பாளங்களாகவும் இருந்தனவாம். சீனம் அவ்வளவு தொலைவா என்று மலைத்த வேந்தன் திரும்பிவிட்டான். கதையின் நயம் ஒருபுறமிருக்க, சூரான் என்னும் பெயர் சோழன் என்பதன் திரிபு என்பதும், முதலாம் இராசேந்திரன் 1025-இல் கடல் கடந்து நடத்திய படையெடுப்பின் நிழல் இக்கதையில் படிந்துள்ளது என்பதும் அறிஞர் பலர் கொண்ட கருத்து.

இந்நகர் வெறுங்கதையன்று, ஜொகூர்க் காட்டில் தேடினால் கிடைக்கக் கூடியது என்று வாதிட்டவர் ரைமி செ ரோஸ். ராயல் ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை வெளியிடும் ஆராய்ச்சி இதழில் 2004-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, மலாய்ச் சுவடிகளின் பாடங்களை ஒப்பிட்டும், வானிலிருந்து எடுத்த நிழற்படங்களில் தெரியும் நில அமைப்புகளைக் கொண்டும் லிங்கியூ, மாடெக் வட்டாரக் காடுகளைச் சுட்டியது. பாடங்களை ஒப்பிடும் பகுதியில் கட்டுரை வலுவுடையது. சுவடிப் பயிற்சியுள்ள எவரும் அதை மதிப்பர். தம் கட்டுரையை ஒரு தேட்ட முயற்சி என்றே ஆசிரியர் தலைப்பில் குறித்ததும் பாராட்டுக்குரியது. ஆயின் தடைகள் பல. செஜாரா மெலாயு இன்று கிடைக்கும் வடிவம் பெற்றது பதினேழாம் நூற்றாண்டில். இராசேந்திரன் காலத்துக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிந்தியது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசேந்திரன் கொண்டதாகச் சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், கடாரம் எனப் பல ஊர்ப்பெயர்களை அடுக்குகிறது. கெலாங்கி என்னும் பெயர் அங்கே இல்லை. பகாங்கில் ஜெராண்டூட் அருகே உள்ள சுண்ணாம்புக் குகைகளுக்கும் கோத்தா கெலாங்கி என்றே பெயர் வழங்குகிறது. வானிலிருந்து பார்க்கும்போது கோடாகத் தெரிவது மதிலாகவும் இருக்கலாம், மண்மேடாகவும் இருக்கலாம். தரையில் இறங்கிக் குழி வெட்டாமல் துணிதற்கில்லை.

2005 பிப்ரவரியில் நாளேடுகள் இச்செய்தியைப் பெரிதாக வெளியிட்டன. ஆயிரம் ஆண்டுப் பழமை, மறைந்த நகரம், சோழன் படையெடுப்பு என்று வந்தால் யாருக்குத்தான் ஆவல் எழாது! அவ்வாண்டு ஜூலையில் அரசு அமர்த்திய குழுவொன்று ஒரு மாத காலம் காட்டில் தேடியது. நகரம் இருந்ததற்குச் சான்று கிட்டவில்லை என்னும் செய்தி 2006 ஏப்ரலில் வந்தது. இல்லவே இல்லை என்று முடிவு கட்டவில்லை, இதுவரை செய்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை என்பதே நிலை என்று பின்னர் விளக்கமும் தரப்பட்டது. அவ்விளக்கம் நேர்மையானது, மழைக்காட்டில் ஒரு மாதத் தேடல் எதையும் நிறுவவும் போதாது, மறுக்கவும் போதாது.

இங்கே ஆராயத்தக்கது வேறொன்று. கேட்ட மாத்திரத்தில் குழு அமைந்தது, ஆட்கள் சென்றனர், செலவு செய்யப்பட்டது. ஏன்? தேடப்பட்டது மன்னன் கோட்டை. ஜொகூரின் புதைபொருள் ஆராய்ச்சி தொடக்க முதலே இவ்வழியில்தான் நடந்துள்ளது. 1930-களில் சுங்க அதிகாரியாக இருந்த ஜி. பி. கார்ட்னர் ஜொகூர் லாமாவில் தோண்டி மணிகளையும் ஓடுகளையும் திரட்டினார். (இவரே பின்னாளில் இங்கிலாந்து திரும்பிச் சூனியக்காரர் சமயம் ஒன்றைப் பரப்பிப் புகழ்பெற்றவர் என்பது பலர் அறியாச் செய்தி.) 1587-இல் போர்த்துகீசியர் அழித்த அக்கோட்டையில் 1950-களிலும், மீண்டும் 1960-இலும் அறிஞர்கள் அகழ்ந்தனர். அவை நல்ல பணிகளே, பழிப்பதற்கில்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்தவன் வரலாறே வரலாறு என்னும் எண்ணம் அவற்றோடு சேர்ந்து வளர்ந்தது. கெலாங்கிக் காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஓராங் அஸ்லி மக்களின் வாய்மொழிக் கதைகள் நகரத்தைக் கண்டுபிடிக்க உதவும் குறிப்புகளாக மட்டுமே மதிக்கப்பட்டன; அக்கதைகளைச் சொன்னவரின் சொந்தப் பழமையைத் தேட எவரும் குழு அனுப்பவில்லை.

தமிழரும் இதில் குற்றமற்றவர் அல்லர். கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் முழங்கும் நாவு, அதே கடாரத்துக்குக் கப்பலின் அடித்தட்டில் வந்து இறங்கிய பாட்டனைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. சோழன் வந்து சென்றதாகக் கதை கூறும் காட்டுக்குத் தெற்கே, சில மணி நேரப் பயணத்தில், ஜொகூர் பாரு நகரம் இருக்கிறது. அங்கே தமிழர் வந்து சென்றதாகக் கதை இல்லை. வந்து, உழைத்து, இறந்து, புதைந்தது உண்மை. அந்த மண்ணைத் தோண்டிப் பார்க்க யாரும் பொருள் கேட்டதில்லை.

ஜொகூர் பாரு பழைய நகரமன்று. 1855-இல் தஞ்சோங் புத்ரி என்னும் சிற்றூரில் தெமெங்கோங் நிறுவிய குடியிருப்பு அது. 1866-இல் அபு பாக்கார் காலத்தில் இப்பெயர் பெற்றது. மிளகும் காம்பீரும் பயிரிட்ட சீனர்கள் ஆற்றங்கரை தோறும் காங்சூ என்னும் தலைவரின் கீழ்க் குடியேறினர். ரப்பர் வந்தது, 1909-இல் ஜொகூர் மாநில ரயில் பாதை முழுமையுற்றது, 1923-இல் சிங்கப்பூருக்குக் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடியது. இவற்றின் பின்னே தமிழ் உழைப்பு நின்றது என்பதை நகரத்துக் கோயில்களே காட்டும். 1911-இல் எழுந்த இராஜ மாரியம்மன் கோயிலும், 1922-இல் ஒரு குடிசையாகத் தொடங்கி இன்று கண்ணாடிக் கோயிலாகச் சுற்றுலாவினரை ஈர்க்கும் இராஜ காளியம்மன் கோயிலும் உழைக்க வந்தவரின் கோயில்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னரே தெப்ராவ் நீரிணையில் படகே வீடாக வாழ்ந்தவர்கள் ஓராங் செலத்தார் மக்கள். நகரம் அவர்கள் கரையைத் தூர்த்து வளர்ந்தது. கம்போங் பாக்கார் பத்து, கம்போங் சுங்கை தெமோன் ஆகிய ஊர்களின் மீது அவர்களுக்குள்ள மரபுவழி நில உரிமையை ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 2017-இல் ஏற்றுக்கொண்டது. எளியவர் ஓரிடத்தில் வாழ்ந்தார் என்பதற்குச் சான்று தேடுவது வெறும் பழம்பெருமை விளையாட்டு அன்று என்பதற்கு இத்தீர்ப்பு ஒன்றே போதும். சான்று இருப்பவனுக்கு வழக்கு மன்றத்தில் வாய் உண்டு.

மவுண்ட் ஆஸ்டின், தெப்ராவ் என்னும் பெயர்களை இன்று கேட்போர்க்கு அடுக்கு மாடிகளும் கடைத்தொகுதிகளும் கண்முன் வரும். அவை ரப்பர்த் தோட்டங்களாக இருந்தவை. தோட்டம் விற்கப்பட்டது, லயம் இடிந்தது, பால்வெட்டியவர் நகரத்தின் ஓரத்தில் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சென்றனர். ஆசிரியர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. மலேசியாவின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பல, நகரக் குடியிருப்புகளின் நடுவே நின்றுகொண்டும் ‘லாடாங்’ என்னும் தோட்டப் பெயரைச் சுமக்கின்றன. சுற்றிலும் ஒரு ரப்பர் மரம் கூட இல்லை. மேல் மண்ணை நீக்கியதும் அடியில் வேறு நிறத்து மண் தெரிவது போல, பள்ளியின் பெயர்ப்பலகையில் மறைந்த தோட்டம் தெரிகிறது. அப்பலகைக்குக் கீழே உள்ள மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் நகரப் புதைபொருள் ஆராய்ச்சி.

நூறாண்டுக்கு உட்பட்ட குப்பையைத் தோண்டுவதற்கு ஆராய்ச்சி என்ற பெயர் எதற்கு, தொழிலாளர் இலாகாவின் அறிக்கைகள் இருக்கின்றனவே என்று கேட்பாரும் உளர். அறிக்கைகள் பயனுடையன, மறுப்பதற்கில்லை. ஓர் அறையின் நீள அகலம், வழங்கிய அரிசி, மாண்டவர் தொகை ஆகியவற்றை அவை சொல்லும். ஆனால் அவற்றை எழுதியவர் மேலிருந்து எண்ணியவர். எட்டணாக் கூலியில் வாங்கிய பீங்கான் கிண்ணம் எது, ஊரிலிருந்து சுமந்து வந்த அம்மி எது, மருத்துவமனை இருந்தும் நாட்டு மருந்துப் புட்டியை நாடியது ஏன், கள்ளுக்கடை லயத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது, பால் மங்கில் எத்தனை பின்பு வீட்டு விளக்காகவும் உப்புக் கிண்ணமாகவும் மாறின என்பனவற்றை அறிக்கை சொல்லாது. இவை லயத்தின் பின்புறக் குப்பைக் குழியில் இருக்கும். குழி எங்கே இருந்தது என்று காட்டக்கூடிய முதியோர் இன்னும் சிலர் உயிரோடு இருக்கின்றனர். அவர்களும் ஆண்டுதோறும் குறைகின்றனர். மண் காத்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நினைவு காத்திராது. மண்ணும் காத்திருப்பதில்லை. 2020-இல் பணி தொடங்கிய சிங்கப்பூர் விரைவு ரயில் பாதையும், அதை ஒட்டி எழும் கட்டடங்களும் நகரின் நடுப்பகுதியை ஆழத் தோண்டியுள்ளன. இயந்திரத்தின் ஒரு பகல் வேலை, ஒரு நூற்றாண்டின் மண்ணை லாரியில் ஏற்றிவிடும்.

கீழடியை நினைத்துப் பார்க்கலாம். 2014-இல் இந்தியத் தொல்பொருள் துறை தொடங்கி, பின்னர்த் தமிழ்நாட்டு அரசுத் துறை ஏற்று நடத்திய அவ்வகழ்வில் அரண்மனை கிடைக்கவில்லை. மன்னன் பெயரும் கிடைக்கவில்லை. செங்கற் சுவர், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, விளையாட்டுக் காய், ஆதன் என்றும் குவிரன் என்றும் தம் பெயரைப் பானையில் கீறிய எளிய மக்களின் எழுத்து ஆகியவை கிடைத்தன. உலகத் தமிழர் அதைக் கொண்டாடினர். தென்னந்தோப்புக்காரர் நிலம் தந்ததும், பணி நின்றுவிடாதிருக்க மக்கள் குரல் கொடுத்ததும், வழக்கு நீதிமன்றம் வரை சென்றதும் அனைவரும் அறிந்தவை. பெயர் தெரியாத நெசவாளன் விட்டுச் சென்ற தக்களியைத் தொட்டு மகிழத் தெரிந்த உள்ளம், பால்வெட்டி விட்டுச் சென்ற உளியைக் கண்டு முகஞ்சுளிப்பது ஏன்? இரண்டாயிரம் ஆண்டு கழியட்டும் என்று பொறுத்திருக்கிறதா?

அயல்நாட்டில் இவ்வினாவுக்கு விடை கண்ட இடங்கள் உள. நியூயார்க் நகரில் 1991-இல் அமெரிக்க நடுவண் அரசு தன் அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அடிமைகளாகவும் விடுபட்டோராகவும் வாழ்ந்த ஆப்பிரிக்கரின் இடுகாடு வெளிப்பட்டது. நானூறுக்கு மேற்பட்டவரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. கட்டடத்தை விரைவில் முடிக்கும் நோக்கோடு பணி நடப்பதைக் கண்ட கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தனர். 1992-இல் பணி நின்றது. ஆய்வு ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. இறந்தவரைப் பற்றி எதை அறிய வேண்டும் என்னும் வினாக்களை வகுப்பதிலும் அச்சமூகம் பங்கு கொண்டது. 2003-இல் உடல்கள் முறைப்படி மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவிடமாயிற்று. செலவு அரசினுடையது, கேள்வி மக்களுடையது. அதே நகரின் புரூக்லின் பகுதியில், விடுதலை பெற்ற கறுப்பர் வாழ்ந்த வீக்ஸ்வில் என்னும் மறந்துபோன ஊரை 1968 முதல் தேடியபோது, பள்ளிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தே மண்ணைக் கிளறினர். எஞ்சிய பழைய வீடுகளுக்கு 1970-இல் நகரத்தின் பாதுகாப்புக் கிடைத்தது.

ஜொகூரில் பொருள் எங்கிருந்து வரும்? அரசை நாடுதல் முதல் வழி. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் ஒரு மரபுடைமை நிதியை ஏற்படுத்தியுள்ளது. ஆயினும் பட்டியலில் ஏறாத இடத்துக்குச் சட்டத்தின் நிழல் கிட்டுவதில்லை. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், தமிழர் கடாரம் என்று பெருமை கொள்ளும் அதே வட்டாரத்தில், தனியார் நிலத்தில் நின்ற பழங்கோயில் அடித்தளம் ஒன்று 2013-இல் வீடமைப்புக்காக இடிக்கப்பட்டதை நாடே கண்டது. ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கே அந்நிலை என்றால் லயத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டடம் கட்டுவோரிடம் பெறுதல் இரண்டாவது வழி. இங்கிலாந்தில் 1990-இல் வெளிவந்த திட்டமிடல் வழிகாட்டிக்குப் பின், நிலத்தைக் கிளறுகின்றவரே ஆராய்ச்சிச் செலவையும் ஏற்பது வழக்கமாயிற்று. அதனால் பெருந்தொகை வந்தது. ஆனால் கூலி கொடுப்பவன் கட்டட முதலாளி ஆகிவிடுவதால், எவ்வளவு விரைவில் முடியும் என்னும் கேள்வியே ஆராய்ச்சியை ஆளத் தொடங்கியது என்று அந்நாட்டு அறிஞரே குறைகூறுவர்.

தமிழரைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் விட நெஞ்சைத் தைக்கும் நிதி ஒன்றுண்டு. 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டத்தால் ஏற்பட்டது. பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தமிழ்த் தொழிலாளியை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், தொழிலாளர் வேலை செய்த அளவுக்கேற்ப ஒரு தொகையை அதில் கட்டினார். அத்தொகையிலிருந்துதான் மேலும் மேலும் தமிழரை நாகையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேற்றும் செலவு நடந்தது. வந்தவன் உழைப்பின் கணக்கே அடுத்தவன் வரவுக்கு வழிச்செலவு! 1938-இல் இந்திய அரசு இவ்வகைக் குடியேற்றத்தைத் தடை செய்தது. எஞ்சிய பணம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டு, முதிய தொழிலாளர் நலம், அவர்தம் பிள்ளைகளின் கல்வி முதலியவற்றுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 1999-இல் அந்நிதி சட்டத்தால் கலைக்கப்பட்டது. தொழிலாளியின் நாள்களைக் கணக்கிட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பகுதி, அந்த நாள்கள் எவ்வாறு கழிந்தன என்று அறிவதற்குச் செலவாகியிருந்தால் அது பொருந்தாச் செலவாகுமா? அது கலைக்கப்பட்ட காலத்தில் தமிழ்ச் சங்கங்களிடமிருந்து அப்படியொரு கோரிக்கை எழுந்திருக்க வேண்டும். இன்றும் காலம் கடந்துவிடவில்லை. இந்தியச் சமுதாய மேம்பாட்டுக்கென வரவு செலவுத் திட்டத்தில் பல ஆண்டுகளாகப் பத்துக் கோடி ரிங்கிட் அளவில் தொகை அறிவிக்கப்பட்டு வந்துள்ளது. தொழிற்பயிற்சிக்கும் கல்விக்கும் அது செல்வது முறையே. அதில் நூற்றில் ஒரு பங்கைத் தோட்டங்களும் நகரச் சேரிகளும் இருந்த மண்ணை ஆராயக் கேட்பது பேராசை ஆகாது.

மூன்றாவது வழி சமூகத்தின் கைப்பொருள். பணமில்லை என்று தமிழர் சொல்வதற்கில்லை. கோயில் திருப்பணி என்றால் பெரும்பணம் திரள்கிறது. கொடுத்தவர் பெயர் சலவைக்கல்லில் ஏறுகிறது. இதைக் குறைகூறுவது நோக்கமன்று. திருப்பணி நடக்கும் முறையில் ஒரு குறை உண்டு என்பதைச் சுட்டவேண்டும். பழைய அத்தாப்புக் கொட்டகையும் பலகைச் சுவரும் செங்கல் மேடையும் அகற்றப்படுகின்றன. புதிய அடித்தளத்துக்கு மண் தோண்டப்படுகிறது. தோண்டிய மண்ணில் இருந்த பழைய விளக்கும், காசும், சூலமும், சிறு கற்படிமமும் சில வேளை ஒரு மூலையில் குவிகின்றன, பல வேளை மண்ணோடு போகின்றன. திருப்பணி ஒவ்வொன்றும் எழுதி வைக்கப்படாத ஓர் அகழ்வாராய்ச்சி. திருப்பணி நிதியில் ஒரு சிறு பகுதியை அளந்து வரைவதற்கும், நிழற்படம் எடுப்பதற்கும், எடுத்த பொருளுக்கு எண்ணிடுவதற்கும் ஒதுக்கினால், வேறெவரிடமும் கையேந்தாமல் மலேசியத் தமிழர் வரலாற்றின் முதற்பகுதி கிடைத்துவிடும்.

ஜொகூர் பாருவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஜாலான் துருஸ் சாலையில் ஐந்து மொழிக்குழுச் சீனரும் ஐந்து தெய்வங்களை வைத்து வழிபடும் பழைய சீனக் கோயிலின் முகப்பு வாயில் 1990-களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. சீனச் சமூகம் அதைக் கண்டு விழித்துக்கொண்டது. கோயில் சீர்செய்யப்பட்டது; அதோடு நில்லாமல், 2009-இல் ஜாலான் இப்ராகிமில் ஜொகூர் பாரு சீனர் சங்கத்தின் பொறுப்பில் ஒரு மரபு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. காம்பீர் பயிரிட்ட கூலியின் கருவிகளும் கடைக்காரனின் கணக்குச் சட்டமும் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. அதே தெருக்களில் நூறாண்டாக மாலை கட்டியவரும், துணி வெளுத்தவரும், நகராண்மைக் கழகத்தின் குப்பை வண்டி தள்ளியவரும் ஓர் அறை கூடப் பெறவில்லை.

நிதி கேட்போர் பெரும்பாலும் தோண்டுவதற்கு மட்டுமே கேட்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்க குறை. தோண்டுதல் எளிது. ஒரு மீட்டர் சதுரக் குழியைச் சிறு கரண்டியால் அடுக்கடுக்காகச் சுரண்டி, மண்ணைச் சல்லடையில் சலிக்கச் சில வாரங்கள் போதும். பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பார்க்கத் தன்னார்வலர் செய்துவிடலாம். சிங்கப்பூரில் 1984-இல் கோட்டைக் குன்றில் ஜான் மிக்சிக் தொடங்கிய நகர அகழ்வுகள் பெரிதும் தன்னார்வலர் கைகளால் வளர்ந்தவையே. அங்கு 2015-இல் எம்பிரஸ் பிளேஸ் பகுதியில் நடந்த அகழ்வில் சில வாரங்களில் மூன்று டன் அளவுக்குப் பொருள்கள் கிடைத்தன. சுமை அதன் பிறகே தொடங்குகிறது. ஒவ்வோர் ஓட்டையும் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், எண் எழுத வேண்டும், வகைப்படுத்த வேண்டும், ஈரம் புகாத அறையில் வைக்க வேண்டும், அறிக்கை எழுதி அச்சிட வேண்டும். தோண்டியதற்குப் பன்மடங்கு காலம் இதற்குச் செல்லும். இதற்குப் பணம் ஒதுக்காத திட்டம், மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை வெளியே எடுத்துக் கோணிப்பையில் அழியவிடும் திட்டம். தோண்டாமல் விட்டிருப்பதே மேல்.

சமூகமே பொருள் தந்து சமூகமே நடத்தினால் எல்லாம் நலமாகும் என்று நம்பிவிடுவதும் தவறு. சமூகம் என்றால் யார்? சங்கத் தலைவரா, கோயில் நிர்வாகமா, கட்சிக் கிளையா, லயத்தில் பிறந்து இன்று அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் தனித்திருக்கும் மூதாட்டியா? பணம் தருபவர் தமக்குப் பிடித்த பழமையைக் கேட்பர். தோட்டங்களில் சாதி பார்த்து லயம் ஒதுக்கியதும், தனித்தனியாகக் கோயில் வைத்ததும், தண்ணீர் எடுப்பதில் வேற்றுமை காட்டியதும் ஆய்வாளர் பலர் எழுதிய செய்திகள். 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்து சுற்றியபோது தீண்டாமையைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது என்றால், அது கப்பலேறி வந்துவிட்டது என்பதுதானே பொருள்? லயத்து மண்ணை முறையாக ஆராய்ந்தால், வெள்ளைத் துரை தமிழனுக்குச் செய்தது மட்டுமல்லாமல் தமிழன் தமிழனுக்குச் செய்ததும் வெளிவரும். எந்த வரிசை கிணற்றுக்கு அருகில், எந்த வரிசை கழிவு நீரோடைக்கு அருகில் என்பதை மண் மறைக்காது. திருப்பணிக் குழுவின் சலவைக்கல்லில் பெயர் பொறித்துக்கொண்டவர் அவ்வறிக்கையை அச்சிடப் பணம் தருவாரா என்பது ஐயமே. ஆதலின் நிதி தருவோருக்கும் ஆராய்ச்சி முடிவுக்கும் இடையே ஒரு சுவர் வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்று பொறுப்பேற்று, நிதி எங்கிருந்து வந்தாலும் அறிக்கையை முழுமையாக வெளியிடும் உரிமையை முன்னரே எழுதி வாங்கிக்கொள்வது இதற்கு ஒரு வழி.

உரிமம் இல்லாமல் அகழக்கூடாது என்பதும், மண்ணில் கண்டெடுத்ததை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் சட்டம். எனவே ஆசிரியர் ஒருவர் மாணவரைத் திரட்டிக்கொண்டு மண்வெட்டியோடு புறப்பட்டுவிட இயலாது, புறப்படவும் வேண்டாம். உரிமம் தேவையில்லாத பணிகள் பல உள்ளன. பள்ளி எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஆண்டில் பெயர்ந்தது என்று குறித்தல், பழைய லயங்களின் வரைபடத்தை முதியோர் வாய்மொழியைக் கேட்டு வரைதல், இன்றைய தெருப்படத்தின் மேல் அதைப் பொருத்திப் பார்த்தல், இடுகாடுகளில் எஞ்சிய கல்லறை எழுத்துகளைப் படியெடுத்தல், வீடுகளில் கிடக்கும் மங்கு, உளி, பற்றுச்சீட்டு, கங்காணியின் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிடுதல் ஆகியவற்றுக்கு ஒரு குறிப்பேடும் அளவு நாடாவும் போதும். எங்கே தோண்டுவது என்று காட்டும் அப்படம் கையில் இருந்தால்தான், நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கும் உயிர் வரும். எடுத்த பொருளைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிடாமல், அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே ஓர் அலமாரியில் வைக்க இசைவு பெறமுடியுமா என்பதையும் அவ்விண்ணப்பத்திலேயே கேட்டுவிடவேண்டும். தோண்டிய பின் கேட்டால் கிடைக்காது.